மாண்டரின் மீனும் மூன்று பாட்டில் பூச்சிகளும்!

ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவே இருக்கிறது சாகுபுரம். 1950களின் கடைசியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையோடு கூடவே பிறந்த ஊர். உப்பு கிடைக்கிற இடத்தில்தானே காஸ்டிக் சோடா ஆலை வரும்? சுற்றிலும் வெள்ளை வெளேரென்று உப்பளங்கள், சற்றுத் தள்ளிக் கடல். இந்த ஊரில், ஆலைக் குடியிருப்புக்கு வெளியே ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறார் அந்த அக்கா. கணவருக்கு ஷிஃப்ட் வேலை, பிள்ளைகள் இரண்டு பேர், மாமனார், மாமியார். தெருவில் அவருக்கு 'மீன் வீட்டக்கா' என்று பெயர் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்பு மீன் என்றால் அவருக்குக் குழம்புதான்.

எல்லாம் தம்பியால் வந்தது. 2023 ஜூன் மாதம் மஸ்கட்டில் வேலை கிடைத்துக் கிளம்பியவன், தான் வளர்த்துவந்த மூன்றடிக் கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து அக்கா வீட்டுக் கூடத்தில் இறக்கிவிட்டுப் போனான். கடல்நீர்த் தொட்டி. உள்ளே நூற்றைம்பது லிட்டர் தண்ணீர், சிமென்ட்டிலும் பீங்கானிலும் செய்த பாறைகள், ஆரஞ்சு வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி. இவை போக, பாறைக்குள் மறைந்து மறைந்து நடமாடும் ஒரு மாண்டரின் மீன்.

"ஒரு வருசந்தாம்க்கா. தினம் ரெண்டு தடவ இத்துனூண்டு தீனி போட்டாப் போதும்."

மாண்டரின் மீனைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். உடம்பெல்லாம் நீலமும் பச்சையும் ஆரஞ்சும் கலந்து, பட்டுச்சேலை முந்தானையில் நெய்தது போல வளைவு வளைவாகக் கோடுகள். மயில் கழுத்து நீலமெல்லாம் ஒளி செய்கிற ஜாலம், உண்மையான நீலச் சாயம் அதில் கிடையாது. முதுகெலும்புள்ள பிராணிகளில் நிஜமாகவே நீல நிறமியை உடம்பில் வைத்திருப்பவை என்று கண்டறியப்பட்ட அபூர்வமான சிலவற்றில் இந்த மீனும் ஒன்று. இதற்குச் செதில் கிடையாது. அதற்குப் பதில் கசப்பும் நாற்றமுமாக ஒரு வழவழப்புப் போர்வை. பெரிய மீன்கள் வாயில் போட்டாலும் துப்பிவிடும். பிறந்த இடம் மன்னார் வளைகுடா அல்ல. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பக்கத்துப் பவளப் பாறைகள். அங்கே யாரோ பிடித்து, பையில் அடைத்து, விமானம் ஏற்றி, கடை கடையாகக் கைமாறி இந்தக் கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

தீனி போட்டால் கோமாளிகள் பாய்ந்து வந்து தின்றன. மாண்டரின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உருண்டைத் தீனி, உறைய வைத்த இறால், புழு, எதைப் போட்டாலும் அதே கதை. மீன் மட்டும் நாள் முழுக்கப் பாறையையே கொத்திக்கொண்டு திரிந்தது. ஜூலை முடிவதற்குள் வயிறு ஒட்டிப்போய், தலைக்குப் பின்னால் முதுகு கத்தி போல மெலிந்துவிட்டது. விற்ற கடைக்காரரிடம் தம்பி விசாரித்தபோது, "எல்லாம் தின்னும் சார், பழகிக்கும்" என்று பதில் வந்ததாம். விற்பவர்கள் வாயில் எந்த மீன்தான் பழகாமல் இருந்திருக்கிறது!

பழகாத மீன் இது. இதன் சாப்பாடு கோபிபாட் என்கிற பூச்சி. பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது, துடுப்புக்கால் என்று பொருள். நாமும் துடுப்புக்காலி என்றே வைத்துக்கொள்ளலாம். இறால், நண்டு இவற்றுக்குத் தூரத்துச் சொந்தம். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். நெற்றியில் ஒற்றைக் கண். முட்டைப்பையை வாலடியில் தொங்கவிட்டுக்கொண்டு நீந்தும் பெண் பூச்சியைச் சாதாரண பூதக்கண்ணாடியிலேயே பார்த்துவிடலாம். 13,000 இனங்கள் வரை அறியப்பட்டிருக்கின்றன. கடலில் எந்த வாளியை முக்கி எடுத்தாலும் அதில் இவை இருக்கும். நாம் சாப்பிடும் நெத்திலியும் சாளையும் வளர்வதற்கு இவையும் ஒரு காரணம்.

நல்ல தண்ணீரிலும் இவற்றின் சொந்தக்காரர்கள் உண்டு. அந்தக் காலத்தில் குளத்துத் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டிக் குடித்தார்களே, அது வெறும் தூசிக்காக மட்டும் அல்ல. நரம்புச் சிலந்தி நோயைச் சுமந்து வந்ததே சைக்ளாப்ஸ் என்கிற நன்னீர்த் துடுப்புக்காலிதான். துணியில் வடிகட்டினால் பூச்சி தங்கிவிடும், நோயும் வராது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996ல் பதிவானார். 2000ம் ஆண்டில் நோயே இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. "எங்க மாமியா துணியில்லாம ஒரு சொட்டு தண்ணி மோர விடமாட்டாவ" என்று அக்காவின் மாமியார் இன்றைக்கும் சொல்வார். வடிகட்டித் தூக்கி எறிந்த அதே வகைப் பூச்சியை மருமகள் பாட்டிலில் வளர்க்கப்போகிறாள் என்று அவருக்கு அப்போது தெரியாது.

தொட்டிப் பாறைகளிலும் முதலில் துடுப்புக்காலிகள் இருந்திருக்கும். ஆனால், ஒரு மாண்டரின் விடிந்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டே இருக்கும் பிராணி. குடலும் சின்னது, சேர்த்துவைத்துக்கொள்ளத் தெரியாது. சின்னத் தொட்டியில் பூச்சி பெருகும் வேகத்தைவிட மீன் தின்னும் வேகம் கூடுதல். சில மாதங்களில் மேய்ச்சல் தீர்ந்துவிடும். பெரிய கடலில் ஒரு பாறை காலியானால் அடுத்த பாறைக்குப் போகலாம். இங்கே எங்கே போக?

தம்பியின் சிநேகிதர் ஒருவர் மீன்வளம் படித்தவர். விஷயத்தைக் கேள்விப்பட்டுத் தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தார். கையில் இரண்டு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள். ஒன்றில் இளம்பச்சைத் தண்ணீர். இன்னொன்றில் வெறும் தண்ணீர் போலத்தான் தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தபோது, கண்ணாடி ஓரமாகப் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அக்காவுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அரிசியில் பூச்சி விழுந்தால் கொட்டுவோமே, அந்த ஞாபகம்.

அவர் சொல்லிக்கொடுத்ததை அக்கா தன் பாஷையில் இப்படி வைத்துக்கொண்டார்: தயிருக்கு உறை குத்துகிற மாதிரி. ஒரு பாட்டிலிலிருந்து முழுவதையும் எடுத்துவிடக் கூடாது, அடுத்ததற்குக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். ஒரே பாட்டிலை நம்பக் கூடாது. மூன்றாகப் பிரித்து வைத்தால் ஒன்று கெட்டாலும் மற்றவை நிற்கும். பாசி பாட்டிலுக்குப் போட்ட கரண்டியைப் பூச்சி பாட்டிலில் விடக் கூடாது. பாசியில் ஒரு பூச்சி விழுந்தாலும் ஒரு வாரத்தில் பச்சையெல்லாம் காலி. தீனி அதிகமானால் தண்ணீர் புளித்துப்போகும். மூக்கே சொல்லிவிடும். கடல்வாடை வந்தால் நல்லது, அழுகின முட்டை வாடை வந்தால் பாட்டிலோடு போச்சு. மூடியை மட்டும் இறுக்கவே கூடாது.

பச்சைத் தண்ணீர் என்பது நுண்பாசி. அதைத் தின்றுதான் துடுப்புக்காலி வளரும். பாசிக்கு உரம், வெளிச்சம், மெல்லிய காற்றுக்குமிழி போதும். முத்துக்குப் பேர்போன இந்தக் கரைக்கு இந்த வேலை புதிதல்ல என்று அந்தச் சிநேகிதர் ஒரு கதை சொன்னார். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். அதற்குப் பிறகு கடலில் சிப்பி தேறவில்லை. 1973ல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் இங்கேதான் இந்தியாவின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். 1981ல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளையே தொட்டியில் பொரிக்க வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சுகளுக்குப் புகட்டிய தாய்ப்பால், ஐசோகிரைசிஸ் என்ற பொன்னிற நுண்பாசி. இன்றைக்குத் துடுப்புக்காலி வளர்ப்பவர்கள் விரும்பிக் கொடுப்பதும் அதே பாசியைத்தான். மீன் குஞ்சின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டி.ஹெச்.ஏ. என்ற கொழுப்பு அதில் நிறைய. பாசியைத் தின்ற பூச்சி வழியாக அது மீனுக்குப் போய்ச் சேர்கிறது. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் கடல் அலங்கார மீன்களுக்குக் குஞ்சு பொரிக்கும் ஆராய்ச்சி மையங்களில் முட்டையிட வைப்பதைவிடச் சிரமம், பொரித்த குஞ்சின் வாய்க்குள் நுழைகிற அளவுக்குத் தீனி தேடுவதுதான். துடுப்புக்காலிக் குஞ்சு பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இராது.

அடுக்களை ஜன்னலில் பாட்டில்கள் வரிசை கட்டின. மாமியார் முகம் சுளித்தார். "ஏளா, சோறு பொங்குத இடத்துல பாசியா வளக்கே?" வெயில் அங்கேதான் அளவாக விழுகிறது என்றார் அக்கா. மாமனார் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பாட்டிலைப் பார்த்தார். முப்பது வருஷம் உப்பளத்தில் கணக்குப் பார்த்தவர் அவர்.

"கடத்தண்ணி மூணு, மூணர டிகிரி. இருவத்தஞ்சு வந்தா உப்பு விழும். நடுவுல உள்ள பாத்தியில செவப்பா ஒரு பூச்சி மேயும், பாத்திருக்கியாம்மா?"

அவர் சொன்னது ஆர்டீமியா. மீன் பண்ணைகளில் காலம் காலமாகப் பயன்படும் தீனி. அதையும் முயற்சி செய்தார்கள். மாண்டரின் இரண்டொன்றைக் கொத்தியது, அவ்வளவுதான். புதிதாகப் பொரித்த ஆர்டீமியாவில் மீனுக்கு வேண்டிய அந்தக் கொழுப்பும் குறைவு. ஆனால், மாமனாரால் ஒரு பெரிய உபகாரம் நடந்தது. உப்பு அளக்கும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். வெயில் காலத்தில் தொட்டியிலும் பாட்டிலிலும் தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் அப்படியே தங்கும். அப்போது கடல்நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். குளோரின் போன நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பாத்தி பாத்தியாக இதையே ஆயுள் முழுக்கப் பார்த்தவருக்கு விளக்கவே தேவையில்லை. தினமும் காலையில் காபி குடித்த கையோடு அளந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துவிடுவார்.

முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஆறு தடவை உருமாறி, அதற்குப் பிறகும் ஐந்து படி தாண்டித்தான் முழுப் பூச்சியாகிறது. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால், தூத்துக்குடி வெக்கையில் எல்லாம் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். செப்டம்பரில் பாட்டில் ஓரமெல்லாம் உப்புமா ரவை தூவினது போல ஆனது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, மெல்லிய சல்லடைத் துணியில் வடித்து, ஒரு நீளக் குழாய் வழியாகப் பாறை இடுக்கில் விடுவார் அக்கா. பகலில் விட்டால் கோமாளிகளுக்கு விருந்தாகிவிடும். தொட்டியின் ஒரு மூலையில் வலைத்தடுப்பு வைத்து, உள்ளே கொஞ்சம் கடற்பாசியைப் போட்டார். மீன் நுழைய முடியாத அந்த இடத்தில் பூச்சிகள் பயமில்லாமல் பெருகி, மிஞ்சினது வெளியே வந்தது. தொட்டிக்குள் இயற்கைப் பவளக்கல் போட்டால் இன்னும் நல்லது என்று யாரோ சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையைத் தொடுவதே குற்றம். 2001லிருந்து அது புலிக்கு நிகரான பாதுகாப்பில் இருக்கிறது.

ஒரு கோமாளிக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது, மருந்தை நேரே தொட்டியில் ஊற்றவிருந்த மகனைக் கையைப் பிடித்துத் தடுத்தார். அந்த மருந்தில் தாமிரம் உண்டு. மீனுக்கு மருந்து, துடுப்புக்காலிக்கு விஷம். நோயாளியைத் தனி வாளிக்கு மாற்றி வைத்தியம் நடந்தது.

அக்டோபர் கடைசியில் மாண்டரினின் வயிறு உருண்டது. முதுகுக் கத்தி மறைந்தது. வீடியோ காலில் பார்த்த தம்பி, "அக்கா, வேற மீனு வாங்கி விட்டுட்டியா?" என்றான்.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பெய்த மழையை இந்தப் பக்கத்து மக்கள் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷத்து மழையைவிட அதிகம், ஒரு ராத்திரி ஒரு பகலில். தாமிரபரணி கரை மீறியது. குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். சாலை போயிற்று, போன் போயிற்று, மின்சாரமும் போயிற்று.

மாடியில் இருந்ததால் அக்கா வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. கீழ்வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் இடுப்பளவு. திங்கள்கிழமை காலையில் அந்தக் கூடத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். இருந்த அரிசியைக் கஞ்சியாக்கிப் பங்கு வைத்தார்கள். காற்றுக்குழாய் நின்றுபோன மீன்தொட்டி ஓரமாக இருந்தது. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் முதல் ராத்திரியோடு ஓய்ந்தது. ஊரே மிதக்கையில் மீனைப் பற்றி வாய் திறக்கவே அக்காவுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. யாருக்கு என்ன ஆனதோ என்று தெரியாமல் ஒவ்வொருவரும் போனை வெறித்துக்கொண்டிருக்கும்போது, எந்த முகத்தோடு மீனுக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்வது?

அவர் சொல்லவில்லை. கீழ்வீட்டுச் சிறுமிதான் கேட்டாள், "அத்த, மீனு ஏன் மேல மேல வந்து வாயத் தொறக்கு?" காற்று போதாமல்தான் என்றதும், தண்ணீரைத் தம்ளரில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று கலக்குமா என்று அடுத்த கேள்வி. கலக்கும். நாமெல்லாம் டீ ஆற்றுவதில்லையா? அந்த நாலு நாளும் பிள்ளைகளுக்கு அது வேலையாயிற்று. ஆளுக்கு நூறு தம்ளர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். ராத்திரியில் மாமியார் எழுந்து ஆற்றினார். பாசியைத் திட்டிய அதே ஆச்சிதான். "தூக்கம் வரலைன்னு செய்யுதேன்" என்று காரணமும் சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை சின்னக் கோமாளி செத்துக் கிடந்தது. மாண்டரின் பிழைத்தது. பச்சைப் பாட்டில் வெயில் இல்லாமல் வெளிறி, அடியில் வண்டலாகப் படிந்துவிட்டது. துடுப்புக்காலி பாட்டில்களில் ஒன்று நாறிப்போனது. மற்ற இரண்டும், யாரும் தொடாமல், காற்றும் இல்லாமல், ஜன்னலில் அப்படியே நின்றன. விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது அடியில் பொடிப்புள்ளிகள் ஊர்ந்தன. கடலோரப் பாறைக்குழிகளில், வெயிலில் கொதித்தும் மழையில் உப்பு குறைந்தும் பழகிய சாதி இவற்றில் உண்டு.

மின்சாரம் வந்த பிறகும் கஷ்டம் தீரவில்லை. புன்னக்காயலில் ஆறு கொண்டுவந்து கொட்டிய செம்மண் தண்ணீரால் கரையோரக் கடல் வாரக்கணக்கில் காவி நிறமாகவே கிடந்தது. அந்தத் தண்ணீரை எடுக்க முடியாது. மழைக்காலம் வருகிறதே என்று ஐப்பசியிலேயே மாமனார் பிடித்துவைக்கச் சொன்ன ஐந்து கேன் கடல்நீர்தான் கைகொடுத்தது. அதில் மூன்று கேன் தொட்டிக்கு, இரண்டு பாட்டில்களுக்கு. பாசி மீண்டும் பச்சை பிடிக்கத் தை பிறந்துவிட்டது. அதுவரை இருந்த இரண்டு பாட்டிலிலிருந்து எடுக்காமல், பெருகவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் கொஞ்சம் மீனுக்குப் போனது. மாண்டரின் மறுபடி இளைத்தது, ஆனால் முன்போல ஒட்டிப்போகவில்லை. மாசியில் பழைய உடம்புக்கு வந்தது.

ஜூனில் ஒரு வருஷம் முடிந்து தம்பி லீவில் வந்தான். மீன் நன்றாக இருப்பதைப் பார்த்த சந்தோஷத்தில், அதற்கு ஜோடியாக இன்னொன்று வாங்கி விடலாம் என்றான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. இருக்கிற ஒன்றுக்கே ஜன்னல் முழுக்கப் பாட்டில் வேண்டியிருக்கிறது. கடலில் பிடித்து வருகிற இந்த மீன்களில் எத்தனை, பாட்டில் வளர்க்கும் வீட்டுக்குப் போய்ச் சேருகின்றன? தொட்டியில் பொரித்து வளர்த்த மாண்டரின் என்று தெரிந்தால் வேறு விஷயம் என்றார். வெளிநாடுகளில் அப்படிப் பொரிக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தம்பி வாயடைத்துப்போய், "இது ஒன் மீனுக்கா. நீயே வச்சிக்கோ" என்றான். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வருஷத்துத் தூக்கமாவது மிச்சமாகியிருக்கும் என்று மாமியார் முணுமுணுத்தார்.

வெள்ளத்தில் தம்ளர் பிடித்த கீழ்வீட்டுச் சிறுமி இப்போது ஏழாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஒரு பாட்டில் பூச்சி வேண்டும் என்று போன மாதம் மேலே வந்தாள். மாமனார் உப்பு அளந்து சீட்டில் எழுதிக் கொடுத்தார். அக்கா பாதிப் பாட்டிலை நிரப்பி, பழைய பருத்தித் துணியால் வாயைக் கட்டி, மூடி போடவே கூடாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். மாடிப்படியில் இறங்கும்போது அவள் பாட்டிலை வெளிச்சத்துக்கு உயர்த்தி, உள்ளே இருப்பவற்றை எண்ண முயன்றுகொண்டே போனாள்.